மூட்டைக்குக் கட்டிய புடவை

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு என்னைப் பிடிக்காது என்று சொன்னார்கள். சொன்னவர் என் மாமியார். கேட்டுத் தலையாட்டியவர்கள் அக்கம்பக்கம். வண்டி வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என்னை ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போதெல்லாம் நின்று நின்று, அவர்கள் சொன்னதை மெய்யாக்கிக்கொண்டே இருந்தது. இரும்புக்கு ஆள் தெரியுமா என்று இன்றைக்குச் சிரிக்கலாம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் பிறந்தது பொம்மிடிப் பக்கம். வாழ்க்கைப்பட்டது அதியமான்கோட்டையில், லாரிகள் போகிற பெரிய ரோட்டை ஒட்டிய வீட்டில். வீட்டில் மூன்று பேர்தான்: நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா. வீட்டுக்காரருக்குப் புளி வியாபாரம். சந்தை சந்தையாகப் போய் வாங்கி தர்மபுரி மண்டியில் போடுவார். அலைச்சலுக்காகச் சேலத்தில் யாரிடமோ பழைய வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். அதில் இன்ஜினும் சட்டமும் மட்டும்தான் சொந்தம். ஹெட்லைட் ஒரு வண்டியுடையது, ஹாரன் ஏதோ லாரியுடையது, காற்றை வடிகட்டுகிற ஃபில்டர் டப்பா மூன்றாவது ஒரு வண்டியில் கழற்றி, சீட்டுக்குக் கீழே இடது பக்கம் கம்பி போட்டுக் கட்டியது. நாலு வீட்டு மருமகள்களை ஒரே அடுப்படியில் விட்ட மாதிரி ஒவ்வொன்றும் அதனதன் இஷ்டத்துக்கு இருந்தது. இருந்தாலும் அவர் தனியாகப் போகும்போது அது குறையில்லாமல் ஓடியது.

என்னோடு அதற்கு வந்த முதல் சண்டை, கல்யாணமான வருஷத்து ஆவணியில். முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். என்னையும் அழைத்துப் போயிருந்தார்கள். ஆவணி பிறந்ததும் வீட்டுக்காரர் வண்டியோடு வந்தார். அம்மா எடுத்துக் கொடுத்த மயில்கழுத்து நிற நைலக்ஸ் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அந்தக் காலத்தில் நைலக்ஸ் என்றால் ஒரு பவிசு. கசங்காது, இஸ்திரி வேண்டாம், உடம்போடு வழுவழுவென்று கிடக்கும். நூல் புடவை கட்டிய பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டு, ஒரு கையால் சீட்டுக் கம்பியையும் மறு கையால் புடவையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சமதளத்தில் வண்டி நன்றாகத்தான் போயிற்று. மேடு வந்தது. அவர் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். முறுக்கிய கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் கனத்தது. தொண்டையில் சளி கட்டிய குரல். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல வேகம் குறைந்தது. திரும்பிப் பார்த்தேன், கரும்புகை. அவர் முறுக்கைத் தளர்த்தினார். வண்டி விடுபட்டது போல ஒரு துள்ளு துள்ளி முன்னே ஓடிற்று. சரியாகிவிட்டது என்று மறுபடி முறுக்கினார், மறுபடி கனத்தது. இப்படி இழுத்தும் விட்டும், நான் பின்னால் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே, பாதி மேட்டில் வண்டி நின்றேவிட்டது. இறங்கினேன். அவர் ஒரு உதை உதைத்தார். உடனே ஸ்டார்ட் ஆகி, ஒரு பாவமும் அறியாததைப் போல உறுமிக்கொண்டு நின்றது. "ஏதோ பெட்ரோல்ல தூசி" என்றார். ஏறினேன். அடுத்த மேட்டில் அதே கதை.

அந்த வருஷம் முழுக்க இதுதான். ரேஷன் கடைக்கு, தர்மபுரியில் பகல் ஆட்டம் சினிமாவுக்கு என்று சும்மா போனால் முக்கி முனகியாவது போய்ச் சேரும். கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் கட்டாயம் நிற்கும். நான் இறங்கியதும் கட்டாயம் ஸ்டார்ட் ஆகும். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கோர்ட்டில் போட்டாலும் எனக்கு எதிராகத்தான் தீர்ப்பாகும்.

மாமியார் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் தட்டில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. களி கிண்டினால் முதல் உருண்டை எனக்குத்தான். ஆனால் நடக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளைப் பொறுப்பாக்காமல் அவரால் தூங்க முடியாது. மாடு உதைத்தால் கயிறு கொடுத்தவன், மழை பெய்யாவிட்டால் யாரோ ஒருத்தி. அந்த 'யாரோ ஒருத்தி' யார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எரிச்சலோடு எனக்குப் பயமும் இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு ஒரு அண்ணன். அவருக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்தியை நான் கண்ணால் பார்த்ததில்லை. நான் வருவதற்குச் சில வருஷம் முன்பே போய்விட்டாள். பார்த்தது அவள் கொண்டுவந்த பித்தளைக் குடத்தைத்தான். கழுத்தில் அவள் பேர் வெட்டிய குடம். அவள் வந்த வருஷம் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் கீழே போயிற்றாம். அடுத்த வருஷம் வறண்டே போயிற்றாம். ஊரில் பாதிக் கிணறு அப்படித்தான் போயிற்று என்று பக்கத்து வீட்டுக்காரியே என்னிடம் சொன்னாள். ஆனால் இந்த வீட்டில் மட்டும் அதற்குக் காரணம் அவளுடைய கால். சண்டை, சத்தம் எதுவும் இல்லை. "ஆடிக்கு ஆத்தா வூட்டுக்குப் போயிட்டு வா" என்று அனுப்பினார்கள். ஆவணி வந்தது, புரட்டாசி வந்தது. கூப்பிட யாரும் போகவில்லை. அவ்வளவுதான். அண்ணன் பெங்களூருக்கு மில் வேலைக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். தீர்த்தமலைக்குக் கீழே இருக்கிற ஊரில் அவள் அண்ணன் வீட்டுக்குப் பாரமாக, வாழாவெட்டி என்ற பேரோடு இருக்கிறாள் என்று கேள்வி. அவள் குடத்தில்தான் நான் தினமும் ரோட்டைத் தாண்டிப் போய், கவுண்டர் தோட்டத்து பம்ப்செட்டில் தண்ணீர் பிடித்து வந்தேன்.

என் வீட்டுக்காரர் வண்டியைச் சரி செய்யப் பாடுபடாமல் இல்லை. தர்மபுரியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாய் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். நல்ல கைக்காரர், அதைவிட நல்ல வாய்க்காரர். ஸ்பேனரைப் போட்டால் பேச்சையும் போடுவார். முதலில் பிளக்கைக் கழற்றினார். கரி அப்பியிருந்தது. துடைத்து மாட்டினார். பாயிண்டைத் தேய்த்து இடைவெளி சரி பார்த்தார். கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோலில் கழுவி, ஜெட்டை வாயில் வைத்து ஊதினார். தனியாக ஓட்டிப் பார்த்தார், தங்கமாக ஓடியது. "தம்பி, இனிமே இந்த வண்டி ஏற்காடு மலை ஏறும்" என்று சத்தியம் செய்தார். வண்டி என்னை வைத்துக்கொண்டு எங்கள் தெருமுனை மேட்டைக்கூட ஏறவில்லை.

வீட்டுக்காரர் மறுபடி போனார். மறுபடி பிளக்கில் கரி. "பெட்ரோல் அதிகமா குடிக்குது" என்று பாய் கார்புரேட்டர் ஊசியை ஒரு படி இறக்கினார். அந்த வாரம் வீட்டுக்காரர் தனியாக அரூர் சந்தைக்குப் போனவர், இன்ஜின் கொதித்து, சடசடவென்று வெடித்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஊசியை ஏற்றினால் எனக்கு நிற்கிறது, இறக்கினால் அவருக்கு நிற்கிறது. பாய் தலையைச் சொறிந்துகொண்டு, "தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க தனியா போயிட்டு வந்தா பிளக்கு வெள்ளையா இருக்குது, தங்கச்சிய ஏத்திக்கிட்டு வந்தா கருப்பா இருக்குது. நான் என்னாத்தச் சொல்றது?" என்றாராம். வீட்டுக்காரர் வந்து இதை அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தார். ஒப்பிக்காமல் இருந்திருக்கலாம்.

சரி, இரண்டு பேர் பாரம் இழுக்கவில்லை, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. பாரம் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். பாய் என்னை உட்காரவைத்து ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அது எப்படி முடியும்? அடுத்தவர் வீட்டுப் பெண்ணைப் பின்னால் வைத்துக்கொண்டு பஜாரில் போக அவருக்கும் தைரியம் இல்லை, அனுப்ப எங்களுக்கும் தைரியம் இல்லை. முதலில் பாய் தன் மச்சானை ஏற்றிக்கொண்டு போனார். மச்சான் லுங்கியை மடித்துக் கட்டி, இரண்டு பக்கமும் கால் போட்டு ராஜா மாதிரி உட்கார்ந்தான். வண்டி பறந்தது. மச்சான் ஒல்லி, அதனால் கணக்கில் சேராது என்றார்கள். பிறகு என் வீட்டுக்காரரிடம், "தங்கச்சி எவ்வளவு கனம் இருக்கும்?" என்று கூச்சத்தோடு கேட்டாராம். இவரும் என்னைக் கேட்காமலே ஒரு கேழ்வரகு மூட்டையைக் காட்டி, இந்த அளவு இருப்பாள் என்று சொல்லியிருக்கிறார். நான் அந்த மூட்டையில் பாதிகூட இருக்க மாட்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மூட்டையைப் பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டி, பாய் எங்கள் வீட்டுக்கு முன்னாலிருந்து ரோட்டு மேட்டில் ஓட்டினார். மாமியார் வாசலில் நின்று பார்த்தார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் மேட்டின் உச்சிக்குப் போய், திரும்பி வந்தது.

மாமியார் என்னைப் பார்த்துத் திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மூட்டைய ஏத்துனா ஓடுது. மூதேவிய ஏத்துனா நிக்குது."

பாய் காதில் விழாதது மாதிரி கயிற்றை அவிழ்த்தார். என் வீட்டுக்காரர் மூட்டையை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

ஆனி கடைசியில் ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டிருந்த என்னிடம் மாமியார் நல்ல குரலில் சொன்னார். "ஏ புள்ள, ரொம்ப நாளாச்சு. இந்த ஆடிக்கு ஆத்தா வூட்டுக்குப் போயி இருந்துட்டு வாயேன்."

கல்யாணமாகி இரண்டாவது வருஷம். முதல் ஆடிக்குத்தான் பெண்ணை அழைப்பது வழக்கம். இரண்டாவது ஆடிக்கு யாரும் அழைப்பதில்லை, யாரும் அனுப்புவதும் இல்லை. கரண்டி என் கையிலேயே நின்றது. வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்ப்பார் என்று காத்திருந்தேன். ரசம் கேட்டார்.

எனக்கு அன்றைக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். போனால் ஆவணியில் யாரும் வர மாட்டார்கள் என்று குடத்தில் பேர் வெட்டிய மாதிரி எனக்குத் தெரிந்திருந்தது. கொண்டுபோகத் துணிமணிகளை எடுத்து வைக்கும்படி மாமியார் சொன்னார். சரி, எடுத்து வைக்கிற துணியைத் துவைத்தாவது வைப்போம் என்று மூட்டை கட்டிக்கொண்டு பம்ப்செட்டுக்குப் போனேன். நைலக்ஸ் புடவையும் அதில் இருந்தது.

அந்தப் புடவை மேல் எனக்கு முன்பே ஒரு கோபம் உண்டு. கீழ்ப்பக்கம், ஆடுசதை படுகிற இடத்தில், ஒரு அழுக்குக் கறை. எந்த சோப்புக்கும் போகவில்லை. வண்டிச் சங்கிலி கிரீஸ் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் கல்லில் தேய்த்துவிட்டு மடித்து வைப்பேன். அன்றைக்கு ஆத்திரத்தில் அதை அடித்துத் துவைக்கப் போனவள், ஈரத்தோடு தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தேன்.

நான் வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். துணியைப் பார்த்தால் அது என்ன பாடு பட்டது என்று கை சொல்லும். உரசின கறை நீளமாக இழுபட்டு இருக்கும். கிரீஸ் என்றால் பரவும். இது இரண்டும் இல்லை. வட்டமாக, புள்ளி புள்ளியாக இருந்தது. ஒவ்வொரு புள்ளியிலும் துணி குமிழ் மாதிரி வெளியே தள்ளியிருந்தது. நைலக்ஸ் சுலபத்தில் அப்படித் தள்ளாது. விரலை வைத்து இழுத்தாலொழிய வராது. ஆக இது தேய்த்த கறை இல்லை, எதுவோ வாய் வைத்து உறிஞ்சின கறை.

நூல் புடவைகளையும் விரித்துப் பார்த்தேன். அவற்றிலும் அதே இடத்தில் அழுக்கு இருந்தது, ஆனால் லேசாக, வட்டம் தெரியாமல். கஞ்சி போட்ட புடவையில் அதுவும் இல்லை. அப்போதுதான் நினைவுக்கு வந்தது, மேட்டில் வண்டி கனக்கும்போதெல்லாம் காலோரம் புடவை இழுபடும். காற்று என்று நினைத்து இழுத்து விட்டுக்கொள்வேன். புடவை கட்டினவளுக்குப் புடவையை இழுத்துவிடுவது ஒரு விஷயமா? நாள் முழுக்க அதுதானே வேலை. அதைப் போய் யாரிடம் சொல்வது என்று தோன்றியதே இல்லை.

துவைத்ததும் துவைக்காததுமாகச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். வண்டி வாசலில் நின்றிருந்தது. சீட்டுக்குக் கீழே இடது பக்கம் கட்டியிருந்த அந்த ஃபில்டர் டப்பாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கறையை அதன் ஓட்டை போட்ட வாயின் மேல் வைத்தேன். ஓட்டைக்கு ஓட்டை, புள்ளிக்குப் புள்ளி, அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது.

"அடப் பாவி!" என்று வாய்விட்டே சொன்னேன். வண்டியைத்தான் சொன்னேன்.

நல்ல காரியத்துக்கு நைலக்ஸ். நைலக்ஸில் காற்று புகாது. மேட்டில் முறுக்கினால் இன்ஜின் அதிகம் காற்றை இழுக்கும். காற்றோடு என் புடவையையும் இழுத்துத் தன் வாயைத் தானே பொத்திக்கொள்ளும். காற்று இல்லாமல் வெறும் பெட்ரோலைக் குடித்துக் கரும்புகை விடும். முறுக்கைத் தளர்த்தினால் புடவை விடுபடும். நான் இறங்கினால் முழுக்க விடுபடும். இரண்டு பக்கம் கால் போட்ட மச்சானும், புடவை கட்டாத மூட்டையும் எப்படி அதன் வாயைப் பொத்துவார்கள்?

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். டப்பாவைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார். "எனக்குத் தெரியும், உன்னால இருக்காதுன்னு. நான் ஒரு நாளும் அம்மா சொன்னத நம்புனதில்ல" என்றார்.

அதைக் கேட்டு நான் குளிர்ந்துபோவேன் என்று நினைத்திருப்பார். எனக்கு உச்சந்தலை வரை ஏறிற்று. "நம்பலைன்னா வாயைத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்களா? ஆடிக்குப் போன்னு சொன்னப்ப ரசம் கேட்டீங்களே!" என்றேன். அவர் வண்டிச் சாவியை எடுத்தார். அம்மா சொன்னதை நம்பியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

புடவையோடு தர்மபுரிக்குப் போய்ச் சொன்னோம். பாய் முதலில் சிரித்தார். "பொடவையாவது, இன்ஜின நிறுத்துறதாவது! தங்கச்சி, இது தையல் மிஷின் இல்ல." நான் பேச்சை வளர்க்கவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நைலக்ஸை விரித்து டப்பாவுக்குப் பக்கத்தில் பிடித்தேன். "முறுக்குங்க பாய்" என்றேன். முறுக்கினார். என் கையிலிருந்து புடவை வெடுக்கென்று போய் டப்பாவில் ஒட்டிக்கொண்டது. இன்ஜின் குரல் கனத்து, கரும்புகை கக்கி, விக்கி விக்கி அடங்கியது. புடவையைப் பிய்த்தெடுத்தேன். உதைத்தார், ஸ்டார்ட் ஆயிற்று. மறுபடி அவரே புடவையை வைத்துப் பார்த்தார். மறுபடி. ஒர்க்‌ஷாப்பில் வேலை நின்றுவிட்டது, எல்லோரும் கூடிவிட்டார்கள். பாய் ஸ்பேனரைக் கீழே போட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யா அல்லா! இத்தன நாளா மூட்டைய ஏத்திப் பாத்தனே, மூட்டைக்குப் பொடவ கட்டிப் பாக்கலியே!"

பாயிடம் எனக்குப் பிடித்தது அதுதான். தோற்றால் அதையும் சத்தமாகத் தோற்பார். அதோடு விடவில்லை. "வாங்க, ஆத்தா முன்னாலயே காட்டிடறேன்" என்று அவரே வண்டியை எடுத்துக்கொண்டு அதியமான்கோட்டைக்கு வந்துவிட்டார். நாங்கள் பின்னால் டவுன் பஸ்ஸில் வந்தோம்.

அதே கேழ்வரகு மூட்டை. அதே கயிறு. இந்தத் தடவை மூட்டைக்கு என் மயில்கழுத்து நைலக்ஸைச் சுற்றி, இடது பக்கம் கொசுவம் தொங்கவிட்டுக் கட்டினார் பாய். மடிப்பு சரியில்லை என்று சொல்லி, நானே போய்ச் சரி செய்தேன். ரோட்டோரம் கூட்டம் கூடிவிட்டது. "பொண்ணு எந்த ஊருங்க, பாய்?" என்று ஒருத்தன் கேட்டான். "கேவுரு தேசம்" என்றார் பாய். மாமியார் வாசலில் அதே இடத்தில் நின்றார், கையைக் கட்டிக்கொண்டு.

வண்டி கிளம்பியது. சமதளத்தில் ஓடியது. மேடு பிடித்ததும் கனத்தது. புகை வந்தது. மூட்டை முன்னும் பின்னும் ஆடியது. நானும் அப்படித்தான் ஆடியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். நிற்க வேண்டுமே, நிற்க வேண்டுமே என்று என் மனசு அடித்துக்கொண்டது. பாதி மேட்டில், நான் வழக்கமாக இறங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே, நின்றது. ஒரு வண்டி நின்றதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பாய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, மாமியாரிடம் விளக்கமாகச் சொன்னார். டப்பாவைக் காட்டினார், கறையைக் காட்டினார், தன் வாயைத் தானே கையால் பொத்திக் காட்டினார். மாமியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்பயும் அவ பொடவதானே?" என்றார்.

பாய் வாயடைத்துப்போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரரைத்தான் பார்த்தேன். அவர் மூட்டையிலிருந்து புடவையை அவிழ்த்து, மடித்து, தோளில் போட்டுக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது. "அம்மா, பொடவ நான் வாங்கின வண்டியில மாட்டுது. டப்பாவ அங்க கட்டுனது எவனோ. ஆடிக்கு இவ எங்கயும் போகல" என்றார். ஒரு வருஷத்துக்கும் சேர்த்து அவர் பேசினது அவ்வளவுதான். மாமியார், "போகலைன்னா போக வேணாம், யாரு கழுத்தப் புடிச்சுத் தள்ளுனாங்க? உள்ள வந்து பாய்க்கு மோரு குடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் பாய் ஒரு எண்ணெய் டின்னை வெட்டி, வளைத்து, ஃபில்டர் டப்பாவுக்கு நாலு விரல் தள்ளி ஒரு தகரத் தடுப்பு வைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு நைலக்ஸ் கட்டினாலும் பட்டு கட்டினாலும் வண்டி எங்கும் நிற்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாரும் வந்து, நாங்கள் சொன்னது தப்பு என்று சொல்லவில்லை. வண்டி ஓடுகிறது, அதனால் பேச்சு இல்லை, அவ்வளவுதான். ஆடி வந்து போயிற்று.

ஆவணியில் தீர்த்தமலைக் கோயிலுக்குப் போய் வரலாம் என்று நான்தான் கேட்டேன். வண்டியின் தைரியத்தில் வீட்டுக்காரர் உடனே சரி என்றார். நான் பித்தளைக் குடத்தைத் துலக்கி, துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். அது எதற்கு என்று அவர் கேட்கவில்லை; குடத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும். மலை ஏறி, தீர்த்தத்தில் குளித்து, சாமி கும்பிட்டு இறங்கியதும், "அந்த ஊருக்கு எந்தப் பக்கம் போவணும்?" என்றேன். வண்டியை அந்தப் பக்கம் திருப்பினார்.

ஓரகத்தி வேலியோரம் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைவிட அதிக வயசு இல்லை. பார்க்க அப்படித் தெரியவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் யார் என்று புரிந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவர் தலை குனிந்து வண்டியருகே வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டார். நான் உள்ளே போய்க் குடத்தைக் கொடுத்தேன். கழுத்தில் வெட்டியிருந்த தன் பேரை விரலால் தடவிப் பார்த்தாள், ஓரமாக வைத்தாள்.

"நீ ஏறுனா வண்டி நிக்குதாமே? இங்க வரைக்கும் சொல்லிக்கிட்டாங்க" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நைலக்ஸ், கறை, மூட்டைக்குப் புடவை கட்டியது, "கேவுரு தேசம்" வரைக்கும். விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்து, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

துடைத்தபடியே கேட்டாள். "கெணத்துல தண்ணி வந்துடுச்சா?"

"இல்லீங்கக்கா. பம்ப்செட்டுக்குத்தான் போறேன்" என்றேன்.

சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சமிருந்தது. "நான்தான் கெளம்பி வந்துட்டனே. அப்பறமும் ஏன் வரல?" என்று கேட்டாள்.

வெளியே வண்டித் தகரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் காதிலும் அது விழுந்தது. துடைத்த கை நின்றது.